கழுவக் கூடாத கார்

மதிப்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி அவர்களுக்கு, தங்கள் மருமகளைப் பெற்றவன் எழுதிக்கொள்வது.

நான் இங்கு நலம். தங்கள் நலமும், சம்பந்தியம்மாவின் முழங்கால் நலமும், தாங்கள் யாருக்கும் இரவல் தராத அந்தப் பழைய சைக்கிளின் நலமும் அறிய ஆவல். தங்களுக்குக் கண் ஆபரேஷன் அடுத்த மாதம் என்று மகள் சொன்னாள். பயப்பட வேண்டாம், இந்தக் காலத்தில் அது கண்ணாடி துடைக்கிற மாதிரிதான் என்கிறார்கள். எனக்கு எழுத்து வாசனை கிடையாது என்பது தங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையற்காரம்மா எழுதுகிறார். என் வாயில் வருவதை நல்ல தமிழாக்கிப் போடுகிறார், சில இடத்தில் ஆக்க மறந்தும் போகிறார், பொறுத்துக்கொள்ளவும். மேலே ‘நான் இங்கு நலம்’ என்று எழுதச் சொன்னபோது பேனாவை நிறுத்தி, “நிஜமாவா ஐயா?” என்று என் முகத்தைப் பார்த்தார். அடித்துவிடச் சொன்னேன். முதல் வரியிலேயே அடித்தல் இருந்தால் கடிதத்துக்கு அழகில்லை என்று அப்படியே விட்டுவிட்டார். ஆகவே அந்த ஒரு வரியைத் தாங்கள் நம்ப வேண்டாம். மற்றதெல்லாம் நிஜம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஆயுள் முழுக்க ரயில் இரைச்சலில் சிக்னல் பார்த்துக் காதைக் கொடுத்துவிட்டு வந்தவர் நீங்கள். உங்களிடம் போனில் ரகசியம் சொல்வதும் தெருமுனையில் தண்டோரா போடுவதும் ஒன்றுதான். நான் ஒன்று சொல்ல, நீங்கள் அதையே உரக்கத் திருப்பிக் கேட்க, உங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவர் வரைக்கும் அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிவிடுவார். அதனால்தான் கடிதம். கை கூப்பிக் கேட்கிறேன், இதை உங்கள் பூதக்கண்ணாடியை வைத்து நீங்களே படியுங்கள். வேறு யார் கையிலும் தர வேண்டாம். படித்ததும் கிழித்து அடுப்பில் போடுங்கள். முக்கியமாக நம் மாப்பிள்ளை, அதாவது உங்கள் மகன், கண்ணில் இது படவே கூடாது.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். உங்கள் மகனுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார்? கேலிக்குக் கேட்கவில்லை சம்பந்தி, பயத்தில் கேட்கிறேன். சின்ன வயதில் அவருடைய பம்பரத்தையோ பட்டத்தையோ யாராவது உடைத்திருப்பார்கள். அன்றைக்கு அவர் கல்லை எடுத்தாரா, அழுதாரா, சாப்பிடாமல் குப்புறப் படுத்துக்கொண்டாரா, இல்லை, ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே நின்றாரா? கடைசியில் சொன்னதுதான் என்றால் எனக்குப் பதில் எழுத வேண்டாம். கத்துகிற மனுஷனை எனக்குத் தெரியும். பஸ் டிப்போவில் வண்டி கழுவிப் பிழைத்தவன் நான். அங்கே மேஸ்திரி காலையில் திறந்த வாயை மத்தியான மணி அடித்தால்தான் மூடுவார், சாப்பாட்டுக்கு மறுபடி திறப்பார். திட்டு தலைக்கு மேலே போகும், நான் பாட்டுக்குக் குனிந்து சக்கரம் தேய்ப்பேன். சாயங்காலம் அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்து பீடி கேட்பார், அத்தோடு தீர்ந்தது. உங்கள் மகன் அப்படியா? நான் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை. அதிலும் பல் டாக்டர். “ஒண்ணும் இல்லை, லேசா சுருக்குன்னு இருக்கும்” என்று பஞ்சுக் குரலில் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் ஆளுடைய கடைவாய்ப்பல் தட்டில் கிடக்கும். எனக்கே பிடுங்கியிருக்கிறார். அந்தக் குரல்தான் இப்போது எந்த நேரமும் என் காதில் கேட்கிறது. “ஒண்ணும் இல்லை மாமா. உங்க பையை எடுத்து வச்சுக்குங்க.”

அவர் அப்படிச் சொன்னால் நான் போய்விடுவேன், அது பெரிதில்லை. நடுவில் என் மகள் நிற்பாள். புருஷன் பக்கம் பேசினால் அப்பனை அனுப்பியவள் ஆவாள், அப்பன் பக்கம் பேசினால் நன்றாக இருக்கிற குடித்தனத்தில் கீறல் விழும். பெண்ணைக் கொடுத்த வீட்டில் வந்து தங்கியிருக்கிறவன், டம்ளரைக்கூடச் சத்தம் வராமல் கீழே வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும் சம்பந்தி. இத்தனை காலம் அப்படித்தான் வைத்தேன். இப்போது ஒரேயடியாக டமார் என்று போட்டுவிட்டேன்.

நடந்தது இது. ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறதே, அதில் ஒரு பொம்மைக் கார். ‘இத்தனை வயசுக்கு மேல இவனுக்குப் பொம்மை ஒரு கேடா’ என்று நீங்கள் வந்திருந்தபோது கேட்டீர்களே, அதேதான். அந்தக் காலத்துப் பந்தயக் கார். நிஜக் காரைப் பதினெட்டில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தது என்று மாப்பிள்ளை ஒருநாள் எனக்கு விளக்கினார். அவர் என்னோடு மூச்சுவிடாமல் பேசியது அந்த ஒரு தடவைதான். ஒரு சாண் நீளம் இருக்கும். கூரை கிடையாது, கதவு கிடையாது, ஒற்றை ஆள் உட்காரக் குழி மாதிரி ஓர் இடம். நாலு சக்கரமும் உடம்புக்கு வெளியே, சைக்கிள் சக்கரம் போலக் கம்பி கம்பியாக. எஞ்சின் மூடியைத் தோல் வாரால் இறுக்கிக் கட்டியிருக்கும். உள்ளே சுண்டைக்காய் அளவு தலையில் தொப்பியும் கண்ணாடியுமாக ஒரு டிரைவர். மாப்பிள்ளை கிளினிக்கிலிருந்து வந்தால் செருப்பைக் கழற்றியதும் நேராக அதன் முன்னால்தான் போய் நிற்பார். அப்புறம்தான் என் மகள் முகத்தைப் பார்ப்பார். அவளும் பழகிக்கொண்டாள். “அவருக்கு மூத்த சம்சாரம் அது, நான் இளையவ” என்று சிரிப்பாள்.

அந்தக் கார் இருந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். மூக்கெல்லாம் சேறு, சக்கரமெல்லாம் சேறு, டிரைவர் கன்னத்தில் சேறு. விலாவில் கறுப்பாக எண்ணெய் வழிந்து காய்ந்திருக்கும். முன்கண்ணாடியில் விரிசல். முகப்பில் ஒரு பூச்சி மோதி நசுங்கி ஒட்டியிருக்கும். எந்த ஊர் மண், எந்த மழைக்குப் பட்டது என்று தெறித்த தினுசைப் பார்த்தே சொல்கிறவன் நான். அப்படிப்பட்டவன் தினமும் அதற்கு எதிரே உட்கார்ந்து டி.வி. பார்க்க வேண்டும் என்றால், பசித்த நாயைக் கட்டிப்போட்டு எதிரே சோற்றை வைத்த கதைதான். வருகிறவர்கள் எல்லாரும் அதைக் குனிந்து பார்ப்பார்கள். வெளியே போய் என்ன பேசுவார்கள்? ‘வீட்டுல வண்டி கழுவுன பெரியவர் ஒருத்தர் சும்மாதானே இருக்கார், ஒரு வாளித் தண்ணி ஊத்தப்படாதா’ என்றுதானே? எனக்கு அந்த எண்ணம் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

நீங்கள் இந்த இடத்தில் சிரிப்பீர்கள் என்று தெரியும். கல்யாணத்தன்று உங்கள் காரின் பின்கண்ணாடியில் ஏதோ சுண்ணாம்பு தெறித்திருக்கிறது என்று நான் துணியை எடுத்துத் துடைக்க, அது பெயின்டர் எழுதிய மணமக்கள் பெயராகப் போய், பாதிப் பெண்ணும் முழு மாப்பிள்ளையுமாக ஊர்வலம் போனது எனக்கு மறக்கவில்லை. “சம்பந்தி, உங்க கையை யாராவது கட்டிப்போடுங்க” என்றீர்கள். அன்றைக்கே கட்டியிருக்கலாம்.

மாப்பிள்ளையும் மகளும் மலைப்பக்கம் ஓய்வெடுக்கக் கிளம்பிப் போனார்கள். போகும்போது, “வீட்டைப் பாத்துக்குங்க மாமா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர்கள் போன பிறகு பார்த்தால், அலமாரிப் பூட்டில் சாவி தொங்குகிறது. அந்தச் சாவியை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. குளிக்கப் போனால்கூடக் கூடவே எடுத்துப் போகிறவர். விதி என்றால் வேறு என்ன சம்பந்தி, அது தலையெழுத்தாக வருவதில்லை, பூட்டில் சாவியாகத் தொங்குகிறது.

கழுவினேன். ஏனோதானோ என்று கழுவவில்லை, டிப்போவில் புது வண்டிக்குச் செய்கிற மரியாதையோடு கழுவினேன். மாப்பிள்ளை என் ஈறுக்கு நல்லது என்று கொடுத்திருந்த பஞ்சு மாதிரிப் பல் பிரஷ்ஷால்தான். மேலிருந்து கீழே, சக்கரம் கடைசியில், ஒரே திசையில். சேறு அசையவில்லை. சோப்புக்கும் அசையவில்லை. நாற்பது ஊர்ச் சேற்றைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு பிடிவாதக்காரச் சேற்றைப் பார்த்ததில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கீழே போய்த் தையற்காரம்மாவிடம் மெஷின் எண்ணெய் வாங்கி வந்து ஊற வைத்தேன். (தாம் எண்ணெய் கொடுத்தது எதற்கென்று தெரியாமல்தான் என்று அவர் இங்கே எழுதச் சொல்கிறார். எழுதியாயிற்று.) ஊறியதும் வந்தது பாருங்கள், பாளம் பாளமாக! வழிந்த எண்ணெய்த் தடத்தைத் துடைத்தேன். பூச்சியை ஊசியால் நெம்பி எடுத்தேன். விரிசல் விட்ட முன்கண்ணாடி யார் கையையாவது கிழிக்கும் என்று பிடுங்கி எறிந்துவிட்டு, புதுச் சட்டைக் காலருக்கு வைப்பார்களே கண்ணாடிப் பிளாஸ்டிக், அதை வெட்டிப் புதுசாக ஒட்டினேன். ஈரத்தில் ஒருபக்கத்து நம்பர் உரிந்து வந்துவிட்டது, அதையும் துடைத்து ஒட்டினேன். கார் பச்சை நிறம் என்று அன்றைக்குத்தான் நானே பார்த்தேன். வெயிலில் பிடித்தால் கண் கூசியது. தையற்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இப்பத்தான் கடையில வாங்கின மாதிரி இருக்கு ஐயா” என்றார். அதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, மாப்பிள்ளை வந்து அதன் முன்னால் நிற்கப்போவதையும், திரும்பி என்னைப் பார்க்கப்போவதையும், ‘மாமா, நீங்களா?’ என்று கேட்கப்போவதையும் நினைத்து, வெறும் டி.வி. முன்னால் உட்கார்ந்து தானாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் சாப்பிட்ட சோற்றுக்கு அன்றைக்குத்தான் கணக்குத் தீர்ந்த மாதிரி இருந்தது.

மறுநாள் குடைக்காரர் வந்தார். மாப்பிள்ளையின் சிநேகிதர், அவரும் இப்படிக் கார் சேர்க்கிற ஆசாமி. மழை இல்லாவிட்டாலும் குடையோடு வருவதால் அந்தப் பெயர். இரவல் வாங்கிய புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர், போகிற போக்கில் அலமாரியைப் பார்த்தார். குடை கீழே விழுந்தது.

“பெரியவரே, இந்த இடத்துல இருந்த கார் எங்கே?”

“அதேதான் தம்பி இது. நான்தான் கழுவினேன்” என்றேன், கொஞ்சம் கர்வமாகவே.

அவர் சோபாவில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு மறுபடி தண்ணீர் கேட்டார். “கழுவினீங்களா?” என்றார்.

“எண்ணெய் போட்டு ஊற வச்சேன். லேசுல போகலை.”

“எப்படிப் போகும்? அது போகக் கூடாதுன்னு ஒட்டின சேறு!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். அந்த நிஜக் கார் ஒரு பெரிய பந்தயத்தில் கொட்டுகிற மழையில் ஓடி, கண்ணாடி விரிந்து, எண்ணெய் ஒழுகி, எல்லாரும் கைவிட்ட பிறகு முதலாவதாக வந்து நின்றதாம். வந்து நின்ற அந்த நிமிஷத்தில் எந்தெந்த இடத்தில் எவ்வளவு சேறு இருந்ததோ, பழைய போட்டோவைப் பார்த்துப் பார்த்து அவ்வளவையும் ஒருத்தர் மயிரிழைத் தூரிகையால் பொட்டுப் பொட்டாக வைத்தாராம். அப்படிச் செய்தது உலகத்துக்கே விரல்விட்டு எண்ணக்கூடியதுதான் இருக்கிறதாம். “சுத்தமான கார் எந்தக் கடையிலும் கிடைக்கும் பெரியவரே. இதுல காருக்கு மதிப்பே இல்லை, சேத்துக்குத்தான் மதிப்பு.”

“பூச்சி?” என்றேன்.

“பூச்சியையும் எடுத்துட்டீங்களா!”

“என்ன விலை தம்பி இது?”

“வேணாம், கேக்காதீங்க. உங்க உடம்புக்கு ஆகாது.”

எழுந்து இன்னொரு தடவை அலமாரியைச் சுற்றிப் பார்த்தவர், “இடப்பக்கம் ஒன்பது, வலப்பக்கம் ஆறு. ரெண்டு காரா ஓடுது?” என்று கேட்டார். உரிந்து வந்த நம்பரை நான் தலைகீழாக ஒட்டியிருக்கிறேன். எனக்கு எழுத்துதான் தெரியாது, நம்பர் நன்றாகத் தெரியும். பஸ் நம்பர் தெரியாமல் டிப்போவில் வேலை பார்க்க முடியுமா? ஆனால் உரிந்து உள்ளங்கையில் கிடக்கிற ஒன்பதுக்குத் தலை எது, கால் எது என்று அது வாயைத் திறந்து சொல்லாது சம்பந்தி. குடைக்காரர் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனார். போன வேகத்தில் குடையை விட்டுவிட்டு என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். துக்க வீட்டிலிருந்து போகிறவர்கள்தான் அப்படிப் போவார்கள்.

அவர் படி இறங்கிய சத்தம் அடங்கவில்லை, போன் அடித்தது. மகள். பேசிக்கொண்டே இருந்தவள், “இருங்கப்பா, அவர் பேசணுமாம்” என்று கொடுத்துவிட்டாள். அவர் என்னிடம் போனில் பேசியதே கிடையாது.

“மாமா, வீடு எப்படி இருக்கு?” பஞ்சுக் குரல்.

“சுத்தமா இருக்கு மாப்பிள்ளை!” என்று கத்திவிட்டேன். அந்த வார்த்தையைத் தவிர உலகத்தில் எந்த வார்த்தை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவர் “சரி மாமா” என்று வைத்துவிட்டார். அந்த ‘சரி’யை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு போதும். குளிக்கும்போது அது கோபச் ‘சரி’யாகத் தெரியும், சாப்பிடும்போது சந்தேகச் ‘சரி’யாகத் தெரியும். லிஃப்ட் இந்த மாடியில் நின்றால் நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். கேஸ்காரர் வந்து, ஆள் இல்லை என்று சிலிண்டரைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார்.

சரி, எடுத்த சேற்றைத் திரும்ப வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டேன் பாருங்கள். சேற்றை எடுத்தே பழகிய கை, பூசச் சொன்னால் பூசுமா? கல்யாணம் முடித்து வைக்கிறவரைக் கூப்பிட்டு விவாகரத்துக்கு உட்காரச் சொன்ன மாதிரி என் கை விழிக்கிறது. முதலில் பூந்தொட்டி மண்ணைக் குழைத்துத் தெளித்தேன். காய்ந்ததும் பார்த்தால், காரைப் பதினெட்டில் ஒன்றாகச் சுருக்கியவர்கள் மண்ணைச் சுருக்கவில்லை! நமக்குப் பொடி மணல், அந்த டிரைவருக்குப் பாறாங்கல். மலை சரிந்து காரோடு புதைந்த மனுஷன் மாதிரி உட்கார்ந்திருந்தார். திரும்பவும் கழுவினேன். தையற்காரம்மா யோசனை சொன்னார்: முகப் பவுடர், டீத்தூள் கரைசல், ஒட்டுவதற்குக் கொஞ்சம் சர்க்கரைப் பாகு. (யோசனை மட்டும்தான் தன்னுடையது, பாகின் பதம் என்னுடையது என்று எழுதுகிறார்.) நிறம் என்னவோ அச்சாக அமைந்தது. நானே ஒரு நிமிஷம் ஏமாந்து, துணியை எடுக்கப் போனேன் என்றால் பாருங்கள். நிம்மதியாகப் படுத்து, காலையில் எழுந்து வந்தால், ஜன்னலிலிருந்து அலமாரி வரை எறும்பு. சாரை சாரையாக, பந்தயம் பார்க்க வந்த கூட்டம் மாதிரி. சக்கரத்தில் எறும்பு, மூக்கில் எறும்பு, டிரைவரின் மடியில் ஒரு கட்டெறும்பு உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

காரை எடுத்துக்கொண்டு சமையலறைத் தொட்டிக்கு ஓடினேன். குழாயைத் திறந்து, கவிழ்த்துப் பிடித்து, ஓர் உதறு உதறினேன். எறும்பு போயிற்று. கூடவே ஸ்டியரிங்கும் போயிற்று. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், தொட்டி ஓட்டையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு உள்ளே இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன் சம்பந்தி. என் உயிரும் அதன் பின்னாலேயே இறங்கியது. குழாய்க்காரரைக் கூப்பிட்டேன். வந்தவர், “என்ன பெரியவரே, மோதிரமா?” என்றார்.

“ஸ்டியரிங்” என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். “வண்டி எங்கே?”

காட்டினேன். “என் சர்வீஸ்ல தோடு எடுத்திருக்கேன், பல் செட் எடுத்திருக்கேன், ஒருத்தர் வாட்சை எடுத்துக் கொடுத்தப்ப அது ஓடிக்கிட்டே இருந்தது. ஸ்டியரிங் எடுக்கிறது இதான் முதல் தடவை” என்று படுத்துக்கொண்டு குழாயைக் கழற்றினார். எடுத்தும் கொடுத்துவிட்டார், நல்ல மனுஷன். ஆனால் கழற்றிய குழாயைத் திரும்ப மாட்டியதில் எங்கேயோ இடுக்கு விட்டுப்போய், இப்போது எங்கள் தொட்டித் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தையற்காரம்மாவின் மெஷினுக்கு நேர்மேலே இறங்குகிறது. அதனால்தான் அவர் வேலையை விட்டுவிட்டு மாடிக்கு வந்து எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதுகிற கை அவருடையது என்பதால் இந்த விஷயத்தில் நான் அதிகம் பேச முடியாது.

இன்றைய நிலவரம் இது: கார் அலமாரியில் இருக்கிறது. ஒருபக்கம் பளபளப்பு, ஒருபக்கம் டீக் கறை. முகப்பில் பூச்சி இருந்த இடத்தில் ஓர் எறும்பு, அதாவது அதன் உடல், ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது; பூச்சிக்குப் பதில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். டிரைவர் ஸ்டியரிங்கைக் கையில் பிடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, பிரேக் போன பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் போல எதிரே பார்க்கிறார். நானும் எதிரே உட்கார்ந்து அவரைப் பார்க்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் போக இடம் இல்லை.

ஆகவே சம்பந்தி, மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கேட்கிறேன். ஒன்று, உங்கள் மகன் கோபத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை உடனே நீங்களே எழுதிப் போடுங்கள், எந்தப் பக்கம் ஒதுங்கி நிற்பது என்றாவது தெரியட்டும். இரண்டு, அவர்கள் வீடு திரும்புமுன் உங்களைப் பார்க்க வருவார்களோ மாட்டார்களோ தெரியாது. வந்தால் நல்ல நேரமாகப் பார்த்து, கோபப்படாமல் இருப்பது ஆரோக்கியத்துக்கு எவ்வளவு நல்லது என்று பொதுவாக நாலு வார்த்தை சொல்லி வையுங்கள். காரைப் பற்றி மூச்சு விட வேண்டாம். மூன்று, எதற்கும் உங்கள் மாடியறையைக் கொஞ்சம் ஒழித்துப் போட்டு வைத்தால் உபகாரமாக இருக்கும். ஒரு பாய் போதும். உங்கள் சைக்கிளைத் தொட மாட்டேன், அதில் எவ்வளவு அழுக்கு இருந்தாலும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லவும். தங்கள் கண்ணில் ஒளியும் காதில் ஓசையும் கையில் பலமும் குறையாமல் இருந்து, பேரன் பேத்தி எடுத்து, அவர்களும் பொம்மையை உடைத்து, அதைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிற நாள் வரட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி
(கைநாட்டு. மசிக்குப் பதில் டீக் கரைசல். மன்னிக்கவும்.)

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது மகள் போன் செய்தாள். பின்வருவதை உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன்.

டாக்டருக்கு நாள் கிடைத்ததால் தங்கள் கண் ஆபரேஷனை முன்னாலேயே முடித்துவிட்டார்களாம். தகவல் தெரிந்ததும் மலையிலிருந்து நேராக அவர்கள் இரண்டு பேரும் அங்கே வந்துவிட்டார்களாம். “மாமா கண்ணுல கட்டுப்பா. படிக்கவே கூடாதாம். பேப்பர்லேர்ந்து மருந்துச் சீட்டு வரைக்கும் இவர்தான் வாசிச்சுக் காட்டுறார். தபால் வந்தாலும் இவர்தான். மாமாவுக்குக் காது கேக்காதுல்ல, வாசல் அறையில உக்காந்து இவர் வாசிக்கிறது தெரு முழுக்கக் கேக்குது. இவருக்கு இப்படி ஒரு குரல் இருக்குன்னே எனக்கு இப்பத்தான் தெரியும்” என்று சிரிக்கிறாள்.

வைக்கப் போனவள், “அப்பா, சொல்ல மறந்துட்டேன். அலமாரிச் சாவியை இவர் வேணும்னேதான் விட்டுட்டு வந்தாராம். அன்னிக்குப் போன்ல கேக்க வந்ததே அதுதானாம், கூச்சத்துல கேக்காம வச்சுட்டார். ‘மாமா டி.வி. பாக்குறதே இல்லை, அந்தக் காரைத்தான் பாக்குறார். நான் இருந்தா தொட மாட்டார். யாரும் இல்லாதப்ப ஒரு தரம் கையில எடுத்துப் பாக்கட்டுமே’ன்னார். எடுத்துப் பாத்தீங்களா?” என்றாள்.

பார்த்தேன் என்றேன்.

தையற்காரம்மா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “கிழிச்சுடலாமா ஐயா?” என்றார். கீழே அவருடைய மெஷின் மேல் தண்ணீர் சொட்டும் சத்தம் இங்கே கேட்டது. கிழிக்க வேண்டாம், அப்படியே அனுப்பிவிடுங்கள் என்றேன். அவர் அனுப்பத்தான் போகிறார்.

ஆகவே சம்பந்தி, இதுவரை தங்களுக்கு எழுதியது எல்லாம் தங்களுக்கு எழுதியது இல்லை. மாப்பிள்ளை, நீங்கள் இதை முதல் வரியிலிருந்து உங்கள் அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் படித்துக்கொண்டு வந்திருப்பீர்கள். இஸ்திரி போடுகிறவர் வரை எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருக்கும். பூச்சி வந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் எனக்குப் புரியும். மேலே படித்திருந்தால் அதுவும் புரியும். நீங்கள் என்னைப் பார்த்துக் கத்த மாட்டீர்கள், உங்களுக்கு அது வராது. என் தப்பையாவது ஒரு தடவை வாய்விட்டுக் கத்திப் படித்திருப்பீர்கள், அது போதும். நான் பையைக் கட்டி வைக்கவில்லை. வீட்டிலேயேதான் இருப்பேன், லிஃப்ட் நின்றால் கதவை நானே திறப்பேன்.

வரும்போது உங்கள் செருப்பில் அந்த மலைப்பக்கத்து மண் ஒட்டியிருந்தால் தட்டாமல் கொண்டு வாருங்கள், நைசாகச் சலித்துக் காருக்குப் பூசிப் பார்க்கலாம்.